ஸ்கேலுக்கு அடியில்

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அப்பாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. சாப்பாட்டை மேஜைமேல் மூடி வைப்பேன். தண்ணீரைக் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பேன். கேஸை அடைப்பேன், ஜன்னல் கொக்கிகளை இழுத்துப் பார்ப்பேன், "போயிட்டு வரேம்ப்பா" என்பேன். அவர் தலையாட்டுவார். வெளியே வந்து பூட்டைச் சத்தம் வராமல் அமுக்குவேன். அந்தச் சத்தம் அவர் காதில் விழக்கூடாது என்பதில் மட்டும் எனக்கு அப்படி ஒரு கவனம்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். மறதி வந்ததும் எல்லாம் போயிற்று, டியூட்டி மட்டும் போகவில்லை. ஒருநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் மெயின் ரோட்டின் நடுவில் நின்று ஒரு லாரியை மறித்து, "உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். லாரிக்காரர் நல்ல மனிதர், என்னைத் திட்டியதோடு விட்டார். அன்றைக்கு வாங்கியதுதான் இந்தப் பூட்டு. அண்ணனுக்குப் போன் போட்டு அழுதேன். "நீ நர்ஸ், உனக்குத் தெரியாததா" என்றான். கை கழுவுவதை இவ்வளவு மரியாதையாக வேறு யாராலும் செய்ய முடியாது.

என் வேலை வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவது. ஒரு ஸ்கூட்டர், ஒரு பெரிய பை. ஆஸ்பத்திரி என்றால் நோயாளி நம் இடத்துக்கு வருகிறார், நாம் சொன்னதைக் கேட்பார். இங்கே அவர்கள் வீட்டுக்கு நாம் போகிறோம். கையை எங்கே கழுவுவது, பையை எங்கே வைப்பது என்று எல்லாவற்றுக்கும் கேட்டு நிற்க வேண்டும். வீட்டுக்காரர்கள் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்வேன், நம்புவது புண்ணைத்தான். சர்க்கரை நோய்க்காரர் ஒருவர், "காலத் தரையில வைக்கறதே இல்ல சிஸ்டர்" என்று அடித்துச் சொல்வார். கட்டின் அடியில் தெரு மண் கறுகறுவென்று ஒட்டியிருக்கும். அவரும் பார்ப்பார், நானும் பார்ப்பேன். பிறகு இருவரும் கொஞ்ச நேரம் டிவியைப் பார்ப்போம்.

ஒவ்வொரு முறையும் கட்டைப் பிரித்ததும் ஒரு காகித ஸ்கேலைப் புண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். அன்று மாலைக்குள் அது ஆபீசுக்குப் போயாக வேண்டும். அங்கே எங்கள் மேற்பார்வை நர்ஸ் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பூதக்கண்ணாடி. அடித்த தடமோ கட்டிப்போட்ட தடமோ உடம்பில் தெரிந்தால் அவரிடம் உடனே சொல்ல வேண்டும். அவர் மேலே சொல்வார், ஆட்கள் வந்து விசாரிப்பார்கள், தேவைப்பட்டால் நோயாளியை முதியோர் விடுதிக்குக் கூட்டிப்போவார்கள். மறைக்கிற நர்சுக்கு வேலை போகும். சேரும்போதே படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

மடிப்பு வீட்டுக்கு நான் ஆறேழு மாதமாகப் போய்க்கொண்டிருந்தேன். மடிப்பு என்பது நான் மனதுக்குள் வைத்த பெயர். அவள் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு மடிக்கிறவள். வீட்டிலும் கை சும்மா இருக்காது. கைக்குட்டை, பழைய செய்தித்தாள், பிளாஸ்டிக் பை என்று எல்லாமே நான்காக மடிந்து ஓரம் சேர்ந்திருக்கும். அவளும் அவள் அம்மாவும் மட்டும்தான். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, ஒரே ஒரு கட்டில். நான் போகும் நாளில் அவள் வேலைக்குத் தாமதமாகப் போவாள்.

அம்மாவை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முதுகின் அடியில் படுக்கைப் புண் வந்துவிட்டது. நான் முதலில் பார்த்தபோது என் கட்டைவிரல் முழுசாக உள்ளே போகும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவந்தேன். பெரியம்மாவுக்கும் நினைவு தப்பிப்போயிருந்தது. நான் ஸ்கேலை எடுத்தாலே தையற்காரி வந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்.

"சட்டைக்கு அளவா?"

"ஆமா பெரியம்மா."

"இறுக்கமா வெட்டிடாத. எம் பொண்ணுக்கும் ஒண்ணு தைச்சுக் குடு."

மடிப்பு சிரிப்பாள். எனக்கு டீ போட்டுத் தருவாள். இரண்டு பேரும் பெற்றவர்களைப் பற்றிப் பேசுவோம். அப்படிப் பேசும்போதுதான் ஒருநாள் கேட்டாள், "நீங்க வேலைக்கு வந்துட்டா அப்பாவ யாரு சிஸ்டர் பாத்துக்கறா?" நான் யோசிக்கவே இல்லை. "பக்கத்து வீட்ல ஒரு அக்கா இருக்காங்க. கூடவே இருந்து பாத்துக்குவாங்க" என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் அந்த அக்காவை விசாரிப்பாள். நானும் விடாமல், அக்காவுக்கு மூட்டுவலி, அக்கா ஊருக்குப் போய்விட்டு வந்தார் என்று அவருக்கு ஒரு குடும்பமே கட்டிக் கொடுத்தேன்.

முதுகுப் புண் மூடியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வலி போனதும் பெரியம்மா சுவரைப் பிடித்து எழுந்து நடக்க ஆரம்பித்தார். கடைசியாகச் சில தடவை பார்த்துவிட்டு அந்த வீட்டிலிருந்து விடைபெறலாம் என்று இருந்தேன். அப்போதுதான் இடது கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே புதிதாக ஒரு புண்ணைப் பார்த்தேன்.

"செருப்பு வார் அறுத்துடுச்சு சிஸ்டர்" என்றாள் மடிப்பு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பெரியம்மா வீட்டை விட்டு இறங்கியதே இல்லை. அந்த வீட்டில் அவருக்குச் செருப்பே கிடையாது. புண் சின்னதுதான். ஆனால் அதன் இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில் ஒரு சிவந்த பட்டை காலைச் சுற்றிப் போயிருந்தது. மெத்தையின் கால்மாட்டைத் தூக்கினேன். அடியில் ஒரு துணிப்பட்டை இருந்தது. வெள்ளை விரிப்பின் ஓரத்தைக் கிழித்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து, அதையும் நான்காக மடித்து வைத்திருந்தாள்.

கோபம் வந்தால் எனக்கு மரியாதை போய்விடும். "நீயெல்லாம் ஒரு பொண்ணா? பெத்தவள மாட்டக் கட்டற மாதிரி கட்டி வெச்சிருக்க?" என்றேன்.

அவள் அழவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள். "போன வாரம் நான் வரும்போது வீடு பூரா கேஸ் நாத்தம். திறந்து விட்டுட்டுப் பக்கத்துலயே உக்காந்திருக்கு. லைட்டப் போட்டிருந்தா ரெண்டு பேரும் இல்ல. மறுநாள் கேஸ மூடிட்டுப் போனேன், ஜன்னல் வழியா ஒரு கால வெளிய போட்டிருக்கு, மூணாவது மாடி சிஸ்டர். வேலைக்குப் போகலன்னா சோறு இல்ல. போனா இது இல்ல. நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க, அதப் பண்றேன்."

"கட்டாம இருக்கணும். அதான் பண்ணணும்."

"வலிக்கக் கூடாதுன்னுதான் பஞ்சு வெச்சேன்."

பஞ்சு வைத்துத் தைத்த அந்தப் பட்டை என் கையில் இருந்தது. தையல் அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. அதை மெத்தைமேல் வைத்தேன்.

"எழுதிடாதீங்க சிஸ்டர்" என்றாள். "எழுதினா தூக்கிட்டுப் போயிடுவாங்க. அதுக்கு இப்ப எல்லாம் மறந்து போச்சு, என்ன மட்டுந்தான் தெரியுது. அங்க போனா என்னையும் மறந்துடும்." பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்கப்பாவப் பாத்துக்கறாங்களே அந்த அக்கா, அவங்களுக்குத் தெரிஞ்ச ஆள் யாராவது இருந்தா கேட்டுச் சொல்றீங்களா? பகல்ல மட்டும் போதும்" என்றாள்.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இல்லாத அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று, அதே வாயால் சொன்னேன்.

படம் எடுக்கும்போது பெரியம்மா, "சட்டைக்கு அளவா?" என்றார். புண்ணின் ஓரத்தோடு ஒட்டி, அந்தச் சிவந்த பட்டையின்மேல் ஸ்கேலை வைத்தேன். மறுபக்கம் விழாதபடி போனைக் கிட்டே கொண்டுபோனேன். படத்தில் ஒரு சின்னச் சிராய்ப்பும் ஒரு ஸ்கேலும் மட்டும் இருந்தன. இனிமேல் இந்தக் காலில் துணி பட்டால் நான் சும்மா இருக்கமாட்டேன் என்று மடிப்பிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் பூதக்கண்ணாடி கூப்பிட்டார். "கணுக்கால் படத்துல ஸ்கேல ஏன் புண்ணோட ஓரத்துலயே ஒட்டி வெச்சிருக்க? ஒரு பக்கம் தெரியவே இல்ல."

"அசைஞ்சுட்டாங்க மேடம்."

"சிராய்ப்புதானே?"

"சிராய்ப்புதான்."

"சரி, களிம்பு போதும். அடுத்த தடவ ஒழுங்கா எடு."

சிராய்ப்புக்குக் களிம்பு போதும்தான். அந்தப் பட்டையைப் பார்த்திருந்தால் அவர், கால் சூடாக இருக்கிறதா, நாடி கிடைக்கிறதா என்று கேட்டிருப்பார், டாக்டரை அனுப்பியிருப்பார். அதை அவர் பார்க்காமல் மறைத்தவள் நான். எனக்கு அது அப்போதே தெரியும். பெரியம்மாவின் காலுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டே அந்த வாரத்தை ஓட்டினேன்.

அடுத்த முறை போனபோது கட்டைப் பிரிப்பதற்கு முன்பே வாடை வந்தது. புண் அகலமாகியிருந்தது, நடுவில் மஞ்சளாகக் கிடந்தது. விரல்களைத் தொட்டேன், சில்லென்று இருந்தன. பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டால் உடனே சிவப்பு திரும்ப வேண்டும். அது வெளுப்பாகவே வெகுநேரம் இருந்தது.

"திரும்பக் கட்டினியா?"

"உங்க மேல ஆணையா இந்தக் கால்ல கட்டல சிஸ்டர்."

அவள் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. போர்வையை முழுசாக விலக்கினேன். வலது கணுக்காலில் புதிதாக ஒரு சிவந்த பட்டை.

"இந்தக் கால்ல துணி படக்கூடாதுன்னு சொன்னீங்க. அதான் அந்தக் கால்ல கட்டினேன்" என்றாள். கிண்டலோ எதிர்ப்போ இல்லை. நான் சொன்னதை அப்படியே கேட்டு நடந்ததாகத்தான் அவள் நினைத்திருந்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பாத்ரூமுக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

"இன்னிக்கே டாக்டர் பாக்கணும். விட்டா கால் போயிடும்" என்றேன்.

"அங்க போனா எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்களே."

"கேப்பாங்க."

"நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன் சிஸ்டர். இன்னிக்கு ஒரு நாள் விடுங்க. ஒரே ஒரு நாள்." பெரியம்மாவின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். பெரியம்மா அவள் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தார். இந்தக் கையைத்தான் நான் பிரிக்கப்போகிறேன்.

இந்த முறை ஸ்கேலைத் தள்ளி வைத்தேன். இரண்டு கால்களையும் முழுசாக எடுத்தேன். மடிப்பு பார்த்துக்கொண்டே இருந்தாள், தடுக்கவில்லை. படங்களை அனுப்பவில்லை, போனை மூடிப் பையில் போட்டேன். துணிப்பட்டையையும் எடுத்து அதே பையில் திணித்துக்கொண்டேன். "இன்னிக்கு வேலைக்குப் போகாத" என்றேன். "லீவு சொல்லிட்டேன்" என்றாள்.

மற்ற வீடுகளுக்குப் போனேன். சர்க்கரை நோய்க்காரர், "என்ன சிஸ்டர் இன்னிக்குத் திட்டவே இல்ல, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அனுப்பினால் மகளை அம்மாவிடமிருந்து பிரித்தவள் ஆவேன். அனுப்பாவிட்டால் பெரியம்மாவுக்குக் கால் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் கைதான் தெரிந்தது. முதலில் மறைக்காமல் இருந்திருந்தால் ஒரு பிரச்சினைதான் இருந்திருக்கும். அதை இரண்டாக்கியது என் கெட்டிக்காரத்தனம்.

வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பினேன். மேல்வீட்டுக்காரர் படியில் எதிர்ப்பட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. பகல்ல உங்க வீட்ல ஏதாவது மராமத்து வேலை நடக்குதா? தட்டற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. நாலஞ்சு நாளா ஜாஸ்தி" என்றார்.

பூட்டைத் திறந்தேன். அப்பா வாசலுக்கு நேரே தரையில் உட்கார்ந்திருந்தார். சாப்பாடு மூடியது மூடியபடி இருந்தது. கதவின் உள்பக்கம், நெஞ்சு உயரத்தில், பெயின்டில் பழுப்பாகக் கறை. நான் தினமும் இருட்டின பிறகு வந்து, அவரைச் சாப்பிட வைத்துப் படுக்கப்போடுகிறவள். அந்தப் பக்கம் வெளிச்சத்தில் நின்று பார்த்ததே இல்லை.

அப்பாவின் கைகளைத் திருப்பினேன். இரண்டு உள்ளங்கையும் மணிக்கட்டுப் பக்கம் வீங்கியிருந்தன. வலது கையில் தோல் பிரிந்து, காய்ந்து, மறுபடியும் பிரிந்திருந்தது. பஸ்ஸை நிறுத்த வேண்டுமென்றால் கண்டக்டர் அதன் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டுவார். அப்பா நாள் முழுக்கத் தட்டியிருக்கிறார், பஸ் நிற்கவில்லை.

பையைத் திறந்து, புண் கழுவும் சலைனை எடுத்தேன். துணிப்பட்டையும் கூடவே வந்து விழுந்தது. அப்பா அதை எடுத்துத் தோளில் குறுக்காகப் போட்டுப் பார்த்துக்கொண்டார். கண்டக்டர் பையின் வார் என்று நினைத்தாரோ என்னவோ. என் சீருடையைப் பார்த்து, "ஆஸ்பத்திரியிலேர்ந்தாம்மா?" என்றார்.

"ஆமா" என்றேன். அந்த நேரத்தில் மகள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

"நல்லதாப் போச்சு. ஒரு உதவி பண்ணும்மா." குரலைத் தாழ்த்தினார். "யாரோ என்ன உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிடறாங்க. தினமும். யாருன்னு தெரியல."

காஸ் துணியால் அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"எம் பொண்ணுக்கு இது தெரியாது. தெரிஞ்சா சும்மா விடமாட்டா. அவளுக்குக் கோவம் ஜாஸ்தி, உண்டு இல்லைன்னு பண்ணிடுவா. நீ பாத்தா சொல்லு. வேலைக்குப் போற பொண்ணு, பதறிப்போயிடும், அதனால மெதுவாச் சொல்லு."

"சொல்றேன்" என்றேன்.

மருந்து வைத்தேன். கட்டுவதற்கு முன் ஸ்கேலை எடுத்து, புண்ணை விட்டுத் தள்ளி வைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் படம் எடுத்தேன். பின்னால் கதவும் அதன் கறையும் விழுந்தன, விழட்டும் என்று விட்டேன். அப்பா எதையும் கேட்காமல் கையை நீட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்ததும் மடிப்புக்குப் போன் போட்டேன்.

"நான் அனுப்பப் போறேம்மா. டாக்டர் இன்னிக்கே வருவாரு. விசாரிக்கவும் வருவாங்க. நானும் வந்து கூட நிக்கறேன், பஞ்சு வெச்சுத் தைச்சதையும் சொல்றேன். விடுதிக்குத்தான் அனுப்பணும்னு இல்ல, பகல்ல மட்டும் பாத்துக்கற இடமும் இருக்கு, அதையும் கேப்போம். ஆனா அனுப்பாம இருக்க முடியாது."

பெரியம்மா பக்கத்தில் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. பிறகு, "உங்களுக்கு என்ன சிஸ்டர், உங்க வீட்ல அந்த அக்கா இருக்காங்க" என்றாள்.

"அக்கான்னு யாரும் இல்ல. நானும் பூட்டிட்டுத்தான் வரேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எல்லாப் படங்களையும் சேர்த்து அனுப்பினேன். போன முறை ஸ்கேலை வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன் என்றும் கீழே எழுதினேன். அந்த ஒரு வரியை அழித்து அழித்து எழுதினேன். அப்பாவுக்குச் சாதத்தைப் பிசைந்து ஊட்டினேன். பாதிச் சாப்பாட்டில் பூதக்கண்ணாடி கூப்பிட்டார். குரலில் வழக்கமான அதட்டல் இல்லை.

"கணுக்காலுக்கு டாக்டர் கிளம்பிட்டாரு. உன்கிட்ட அப்புறம் பேசறேன், நிறைய பேசணும்" என்றார். "கடைசி படம், உள்ளங்கை. ரெண்டும் ஒரே மாதிரி அடிபட்டிருக்கு, பின்னாடி கதவு. இவரப் பூட்டி வெச்சிருக்காங்க. இது எந்த வீடு? நம்ம நோயாளியே இல்லையே."

"எங்க வீடு மேடம். எங்கப்பா."

அப்பா இன்னொரு வாய்க்காக வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

"இப்ப கதவு திறந்திருக்கா?" என்று பூதக்கண்ணாடி கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். உள்ளே வந்ததும் பழக்கத்தில் அதே பூட்டை உள்பக்கம் மாட்டிக் கதவைப் பூட்டியிருக்கிறேன். சாவி என் மடியில் இருந்தது.

"இல்ல மேடம்" என்றேன்.